புகையைச் சோதிக்கிறார்கள், ஸ்டியரிங்கைச் சோதிப்பது யார்?

ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரை வணங்காமல் கடந்துபோகும் சாரதி அரிது. தெற்கிலிருந்து வருபவரும் யாழ்ப்பாணத்திலிருந்து இறங்குபவரும் அங்கே வண்டியை ஓரங்கட்டுகிறார்கள். காலைக் கழுவி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கையில் ஒரு சரை கச்சானோடு மறுபடி ஏறுகிறார்கள். போகும் இடத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதே அத்தனை பேரின் வேண்டுதலும்.

வேண்டுதலை முடித்துக்கொண்டு வரும் அந்தச் சாரதி, வண்டியில் ஏறுமுன் முன்சில்லுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் ஒரு சிறிய கறுப்பு ரப்பர் உறை கண்ணில் படும். கோழிமுட்டை அளவுதான் இருக்கும். அதற்குள் ஓர் இரும்புக் குண்டும், குண்டு திரும்ப ஒரு கிண்ணமும், கொஞ்சம் கிறீஸும் உள்ளன. ஊர்க் கராஜில் அதை ‘டை ரொட் எண்ட்’ என்பார்கள். சாரதி ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்தத் திருப்பத்தைச் சில்லு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் கடைசி மூட்டு அதுதான். குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றால் அந்தச் சில்லு தன் போக்கில் திரும்பும். அதன்பின் சாரதியின் கையில் இருப்பது வெறும் வளையம்.

வன்னியில் இந்த மூட்டைப் பெரும்பாலும் வீட்டு முற்றத்திலோ வேப்பமர நிழல் கராஜிலோதான் மாற்றுகிறார்கள். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை மறந்துவிட்டு, இங்குள்ளவர்கள் கண்டபடி திருத்துகிறார்கள் என்று குறை சொல்வது நியாயமாகாது.

1990இன் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகம் என எல்லாமே தடைப்பட்டியலில் ஏறின. பெற்றோல் இல்லாத ஊரில் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தை பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். ‘ஏ போட்டி’ என்று ஊர் செல்லமாக அழைத்த ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும், உலகம் அவற்றை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய பின்னரும் இங்கே நோயாளியையும் மணமக்களையும் ஏற்றிக்கொண்டு ஓடின. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வந்தவர்களோடு அந்தக் கைத்திறனும் வந்து சேர்ந்தது. மல்லாவியும் புதுக்குடியிருப்பும் சந்தைப் பட்டணங்களான அந்த ஆண்டுகளில், ஒரு வாகனத்தின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றுக்குப் பொருத்துவதே தொழிலின் அடிப்படையாக இருந்தது.

2002இல் ஏ9 திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, மக்கள் கைவிட்டு நடந்த பஸ்களும் லொறிகளும் உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் அந்த நிலத்தில் கறள் பிடித்துக் குவிந்து கிடந்தன. மீளக்குடியேறியவர்கள் வெறுங்கையோடு தொடங்கினார்கள். லீசிங்கில் எடுத்த முச்சக்கர வண்டியும், இரண்டாம் கை வானும், சகோதரர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் வாங்கிய உழவு இயந்திரமும் அவர்களைத் தூக்கிவிட்டன. அந்த வாகனம் ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். ஆகவே அதை வீட்டிலேயே, இரவோடிரவாகத் திருத்துவது இங்கே வாழ்க்கை முறையாகிவிட்டது.

பிறகு வந்த ஆண்டுகள் அந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கின. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் 2022இல் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டது. புதிய வாகனம் வராத நாட்டில் பழைய வாகனங்கள் மேலும் ஐந்து ஆண்டு முதுமையடைந்தன. உதிரிப்பாக விலையோ மலையேறியது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு சோடி டை ரொட் எண்டின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் போனை வைத்தவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஏராளம். “இன்னும் ஒரு மாரிக்குத் தாங்கும் அண்ணை” என்ற வார்த்தை கராஜ்களில் அடிக்கடி கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

தாங்குமா என்பதுதான் கேள்வி.

எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும். நின்ற வண்டி ஆளைக் கொல்வதில்லை. பிரேக் தேய்ந்தால் கீச்சிடும், மிதி உள்ளே போகும், சாரதிக்குத் தெரிந்துவிடும். ஸ்டியரிங் மூட்டு அப்படியல்ல. அதன் தேய்மானம் மெதுவாக வருவதால் சாரதியின் கை அதற்குப் பழகிவிடுகிறது. நேற்று இரண்டு விரல் ஆடிய ஸ்டியரிங் இன்று மூன்று விரல் ஆடினாலும் அவருக்கு வித்தியாசம் புரிவதில்லை. வேறொருவர் அதே வாகனத்தை ஓட்டிப் பார்த்தவுடன்தான், “என்ன இப்படி அலைகிறது” என்று கேட்பார்.

வன்னியின் வீதிகள் இந்த ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன. ஒட்டுசுட்டானின் உள்ளூர்களிலும், அக்கராயன் பக்கத்துக் குளக்கட்டுகளிலும், விசுவமடுவின் ஒழுங்கைகளிலும் இன்னமும் கிறவல் பாதைதான். அங்கே ஒவ்வொரு குழியும் அந்த மூட்டில் ஓர் அடி. கோடையில் செம்மண் தூசி, மாரியில் சேற்றுத் தண்ணீர். ரப்பர் உறையில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு கீறல் விழுந்தால் போதும். தண்ணீர் உள்ளே போய் கிறீஸைக் கழுவும், அடுத்த கோடையின் மண் உட்புகுந்து அரத்தாள் போலக் குண்டை அராவும். இப்படித் தேய்ந்த மூட்டோடு அதே வாகனம் மாங்குளத்திலோ பரந்தனிலோ காப்பெற் வீதியில் ஏறுகிறது. முன்பு வீதி மோசமாக இருந்தபோது வேகமும் இருக்கவில்லை. தேய்ந்த மூட்டைக் குழிகளே ஒருவகையில் காப்பாற்றின. இன்று மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு விநாடியில் 19 மீற்றருக்கு மேல் கடந்துவிடும். இரவில் வீதியில் படுத்திருக்கும் மாட்டைக் கண்டு சாரதி வெடுக்கென ஒடிக்கும் அந்த விநாடியில்தான் மூட்டின் மீது பெரும் பாரம் விழுகிறது.

இலங்கையில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 38,000 வீதி விபத்துகள் நடப்பதாகவும், அவற்றில் 3,000 பேர் வரை உயிரிழப்பதாகவும் உலக வங்கி 2020இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. விபத்துக்கு வேகத்தையும் மதுவையும் நித்திரையையும் காரணமாக எழுதுவது எளிது. உடைந்து நொருங்கிய வாகனத்தில் எந்த மூட்டு முன்னரே தேய்ந்திருந்தது, எது மோதலில் முறிந்தது என்று பிரித்தறிய, தெரிந்த கண் வேண்டும்.

இந்த வேலையை வீட்டில் செய்யலாமா? செய்யலாம். அடம்பிடித்த உழவு இயந்திரத்தை வயலிலேயே பிரித்துப் பூட்டும் கைகளுக்கு டை ரொட் எண்ட் பெரிய காரியமே இல்லை. ஒழுங்காகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சோதிப்பது முதலில். முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, சில்லை மணிக்கூட்டின் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடங்களில் பிடித்து இடம் வலமாக அசைத்தால், மூட்டு தேய்ந்திருக்கும்பட்சத்தில் ‘டொக்’ என்று ஓர் ஆட்டம் கைக்குத் தெரியும். பன்னிரண்டும் ஆறும் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் போல் ஜொயின்ரையோ பெயரிங்கையோ சந்தேகிக்க வேண்டும். இந்தச் சோதனைக்குக் காசு தேவையில்லை. ஒருவர் ஸ்டியரிங்கை மெல்ல அங்குமிங்கும் அசைக்க, மற்றவர் மூட்டுகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

மாற்றும்போது பழைய எண்டைக் கழற்றுமுன் அது நிற்கும் இடத்தைப் பெயின்ரால் அடையாளமிட்டு, கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி, புதியதையும் அதே எண்ணிக்கைக்கு ஏற்ற வேண்டும். ஒரே ஒரு சுற்றுப் பிசகினாலும் சில்லின் திசை சில மில்லிமீற்றர் மாறும். புது ரயர் சில மாதத்தில் ஒரு பக்கம் மட்டும் மொட்டையாகும். இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் எண்டை விடுவிக்க அதன் நுனியில் அடித்து மரையைச் சிதைப்பதை விட, அது செருகியிருக்கும் காதின் பக்கத்தில் சுத்தியலால் அடிப்பதே நல்லது. அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் இதைச் செய்து காட்டுவார். முடிந்த பின் நைலோன் நூல் பிடித்து அளந்தாலும், வாகனத்தை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ எலைன்மென்ற் மெஷினில் ஒருமுறை ஏற்றுவது தவிர்க்கக் கூடாத செலவு.

மூன்று காரியங்களை மட்டும் யாரும் எந்த நெருக்கடியிலும் செய்யக் கூடாது. ஒன்று, சீமெந்துக் கல்லை அடுக்கி அதன் மேல் வாகனத்தை நிறுத்திவிட்டுக் கீழே படுப்பது. சுவருக்கு உறுதியான அந்தக் கல், ஓரிடத்தில் குவியும் பாரத்தில் முன்னறிவிப்பில்லாமல் நொருங்கும். ஜக் மட்டும் போதும் என்பதும் அதே அளவு பிழை. தாங்கி நிற்க ஸ்ராண்ட் வேண்டும். இரண்டு, வளைந்த தண்டைச் சூடாக்கி நிமிர்த்துவது, தேய்ந்த மூட்டுக்கு வெல்டிங் போடுவது. நெருப்புப் பட்ட உருக்கு தன் பதத்தை இழக்கிறது. வெளியே பார்க்க நேராகவும் உள்ளே முறியத் தயாராகவும் இருக்கும் தண்டு அது. மூன்று, ஸ்பிளிற் பின். காசல் நட்டைக் கழராமல் பிடித்திருக்கும் அந்தச் சின்னக் கம்பியைக் கழற்றினால் மறுபடி பாவிக்கக் கூடாது, அதன் இடத்தில் ஆணியையோ கட்டுக்கம்பியையோ செருகவும் கூடாது. முழு வேலையிலும் மலிவான பொருள் இந்தப் பின்தான். கைவசம் இல்லை என்பதற்காக ஆணி செருகப்படுவதும் இதன் இடத்தில்தான்.

தடைக்காலத்தில் ஆணி செருகியதில் தவறில்லை. அன்று வேறு வழி இருக்கவில்லை, வாகனமும் ஊர்ந்துதான் போனது. இன்று பின் கிடைக்கிறது, வீதியும் வேகமாகிவிட்டது. கைத்திறன் அப்படியே இருக்கட்டும். அன்றைய இல்லாமை கற்றுத்தந்த பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் கூட இந்த உறுப்பில் அலட்சியமாக இருக்க முடியாது என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. ஸ்டியரிங் தண்டு ஒன்று முறியக்கூடும் என்பதால் ரொயோட்டா நிறுவனம் 2004இல் ஜப்பானில் ஹைலக்ஸ் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. அதே வகைத் தண்டு பொருத்திய அமெரிக்க வாகனங்களை 2005இல்தான் அழைத்தது. அவற்றின் எண்ணிக்கை பத்து இலட்சத்தை நெருங்கியது. இந்தத் தாமதத்தை விசாரித்த அமெரிக்க அதிகாரிகள் விதித்த 1 கோடியே 60 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தண்டத்தை 2010 டிசம்பரில் செலுத்த அந்த நிறுவனம் இணங்கியது. ஒரு தண்டுக்கு அங்கே அவ்வளவு கணக்குக் கேட்கிறார்கள்.

இங்கே கணக்குக் கேட்பது யார்? ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் வேண்டும். புகைப் பரிசோதனைத் திட்டம் இலங்கையில் 2008இல் தொடங்கியது, நல்ல திட்டம்தான். லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழும் கேட்கிறார்கள். தனியார் காருக்கு அது இல்லை. புகைக்குழாயில் கருவியைச் செருகிப் பார்க்கும் ஊழியர், ஓரடி தள்ளியிருக்கும் முன்சில்லைத் தொடுவதில்லை. புகை சுத்தமாக இருந்தால், மூன்று விரல் ஆடும் ஸ்டியரிங்கோடும் அந்த வாகனம் சட்டப்படி மறுபடி வீதிக்கு வந்துவிடும்.

இலண்டனில் வாழும் உறவினரைக் கேட்டால் ‘எம்ஓடி’ பற்றிச் சொல்வார்கள். 1960இல் பிரித்தானியாவில் அந்தக் கட்டாயச் சோதனை வந்தபோது பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகிய மூன்றையும்தான் பார்த்தார்கள். முதலில் பத்து ஆண்டு தாண்டிய வாகனங்களுக்கு மட்டும் இருந்த விதி, 1967இல் மூன்று ஆண்டு தாண்டிய எல்லாவற்றுக்கும் என்று மாறியது. வன்னியில் ஓடும் கார்கள், வான்கள் பலவும் பிறந்த ஜப்பானில், புதிய கார் மூன்றாம் ஆண்டிலும் அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் ‘ஷாக்கென்’ சோதனைக்குப் போயாக வேண்டும். அதில் கார் ஒரு தகட்டின் மேல் நேராக ஓடும்போது முன்சில்லு பக்கவாட்டில் எவ்வளவு நழுவுகிறது என்று அளக்கிறார்கள். ஒரு மீற்றருக்கு 5 மில்லிமீற்றரைத் தாண்டினால் தேர்ச்சி இல்லை. அந்தக் கண்டிப்பில் வளர்ந்த கார், கப்பலேறி இங்கே வந்த நாளிலிருந்து அதன் ஸ்டியரிங்கை எந்தச் சட்டமும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொரு சோதனை என்றால் ஏழைக்கு இன்னொரு செலவு, இன்னொரு வரிசை, இன்னொரு கையூட்டு என்று மக்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சம் பொய்யானதல்ல. கடனில் வான் ஓட்டும் ஒருவரின் வாகனத்தைத் தேய்ந்த மூட்டுக்காகப் பறித்துவைத்தால் அவரது அடுப்பு அன்றே அணையும். ஆகவே தண்டிக்கும் சோதனையாக அது தொடங்கக் கூடாது. முதல் இரண்டு ஆண்டுகள் இலவசமாக, புகைப் பரிசோதனை நடக்கும் இடத்திலேயே, ஐந்து நிமிடத்தில் முன்சில்லை ஆட்டிப் பார்த்து “இந்த மூட்டை மாற்றுங்கள்” என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால் போதும். பெரும்பாலானவர்கள் அந்தத் துண்டோடு நேரே உதிரிப்பாகக் கடைக்குத்தான் போவார்கள். பிள்ளைகளை ஏற்றிப்போகும் வாகனத்தில் தெரிந்தே ஆபத்தை வைத்திருக்க எந்தத் தாய் தகப்பனும் விரும்புவதில்லை. வருமான அனுமதிப்பத்திரம் பிரதேச செயலகங்களில் வழங்கப்படுவதால், வட மாகாண நிர்வாகமே இதற்கு முன்கை எடுக்கலாம்.

ஆளும் இடமும் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மனியின் உதவியோடு 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் அதன் பாடங்களில் ஒன்று. அருகிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் உள்ளது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தப் பட்டறையைத் திறந்து வைத்து, ஊர் மக்களின் வாகனங்களை மாணவர்கள் ஆட்டிப் பார்த்துச் சொன்னால், மாணவருக்கு நூறு வாகனத்தின் அனுபவமும் ஊருக்கு நூறு எச்சரிக்கையும் கிடைக்கும். சான்றிதழ் இல்லாமல் முப்பது ஆண்டு இந்தத் தொழிலைச் செய்த மெக்கானிக்குகளுக்கும் வழி உண்டு. தேசிய தொழிற்தகைமை முறையில், முன் அனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு இருக்கிறது. மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓடவைத்த தலைமுறையைத் தேடிப்போய் அந்தச் சான்றிதழைக் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. அவர்களையே சோதனையாளர்களாக அமர்த்துவது அதனினும் நல்லது.

கடைகளுக்கும் ஒரு வார்த்தை. ஜப்பானிய முத்திரையை ஒட்டிய போலி உறுப்பு, பெட்டிக்குள் அசலைப் போலவே மின்னும். ஒரு மாரியில் அதன் ரப்பர் வெடிக்கும், ஒரு கோடையில் குண்டு ஆடும். வாங்குபவர் பற்றுச்சீட்டு கேட்க வேண்டும், அதில் உறுப்பின் தயாரிப்பாளரை எழுதச் சொல்ல வேண்டும். போலி என்று தெரிந்தால் முறையிட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. அதற்கான சட்டம் 2003 முதல் நடைமுறையில் உள்ளது. மற்ற உறுப்புகளில் மலிவானதைத் தேடுங்கள். ஸ்டியரிங்கிலும் பிரேக்கிலும் வேண்டாம்.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முல்லைத்தீவின் ஊர்களிலிருந்து உழவு இயந்திரப் பெட்டிகளில் குடும்பம் குடும்பமாகப் புறப்படுவார்கள். அம்மம்மாவும் பேரப்பிள்ளைகளும் பாயும் பானையுமாக ஒரு பெட்டியில் பதினைந்து பேர் இருப்பார்கள். முன்னால் இழுத்துப்போகும் மெசி பெர்கசனின் இரண்டு முன்சில்லுகளும் ஒரு தண்டாலும் சில மூட்டுகளாலும்தான் ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கின்றன. வயலில் உழும்போது அந்த மூட்டு கழன்றால் ஒரு நாள் வேலை போகும். வீதியில் கழன்றால் போவது அந்தப் பெட்டியில் இருப்பவர்களின் உயிர்.

ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்பக்கத்தை உயர்த்தி, ஸ்ராண்டில் நிறுத்தி, சில்லை ஒன்பதிலும் மூன்றிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள், மூட்டு ஆடினால் சோடியாக மாற்றுங்கள், புதிய ஸ்பிளிற் பின்னைப் போடுங்கள். மாகாண நிர்வாகம் அடுத்த ஆண்டின் அனுமதிப்பத்திரத்தோடு இந்த ஐந்து நிமிடச் சோதனையையும் சேர்க்கட்டும்.